மதுரை வீட்டுக்கு டம்பிள் டிரையர்: எந்த வகை கட்டுப்படியாகும்?

டவுன் ஹால் ரோட்டிலோ பைபாஸ் ரோட்டிலோ ஒரு கடைக்குள் போய் "டிரையர் காட்டுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் பக்கம்தான் கூட்டிப் போவார்கள். கடைக்காரர் மேல் தப்பில்லை. அந்த மெஷினின் இரண்டாவது தொட்டிக்கு நம்மூரில் டிரையர் என்றுதான் பேர். அது துணியைச் சுழற்றித் தண்ணீரை உதறும், காய வைக்காது. டாப் லோடு மெஷின்களில் 'ஏர் டிரை' என்று ஒரு பொத்தான் இருக்குமே, அதுவும் சூடில்லாத காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு சுற்றுவதுதான். ஆகவே கேட்கும்போதே "சூடு காற்று விட்டு உருட்டிக் காய வைக்கிற தனி மெஷின்" என்று விளக்கிக் கேளுங்கள். அந்த மெஷினைக் கடையில் ஒன்றிரண்டுதான் வைத்திருப்பார்கள். சில கடைகளில் ஆர்டர் போட்டால்தான் வரும்.

இன்னொன்று, ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் துணிக் கூடாரம். உள்ளே கம்பியில் துணியைத் தொங்கவிட்டு, அடியில் ஒரு ஹீட்டர் ஊதியை வைத்து மூடிவிடுவது. இதில் பெரும்பாலானவை 900 முதல் 1,000 வாட் வரைதான். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கக் குறைந்தது 0.65 யூனிட் மின்சாரம் வேண்டும்; எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் ஹீட்டர் மட்டும் வைத்து அதற்குக் கீழே போக முடியாது. நாலு கிலோ துணியில் இரண்டரை லிட்டர் தண்ணீர் இருந்தால், ஒரு துளி சூடும் வீணாகாமல் இருந்தால்கூட 900 வாட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். கூடாரத்தின் ஜிப் வழியாகவும் துணி வழியாகவும் சூடு வெளியேறிக்கொண்டே இருப்பதால் நிஜத்தில் நாலைந்து மணி நேரம் ஆகும். மேலே தொங்கும் பனியன் காய்ந்திருக்கும், ஜீன்ஸ் இடுப்புப் பட்டை ஈரமாகவே இருக்கும். கைக்குழந்தைத் துணி பத்துப் பதினைந்துக்குச் சரி. குடும்பத் துணிக்கு வாங்காதீர்கள்.

மெஷின் வகைகளுக்குப் போகும் முன் மதுரை வானிலைக் கணக்கு ஒன்று பார்க்க வேண்டும். முடிவு அதில்தான் இருக்கிறது. சித்திரையில் மொட்டை மாடிக் கொடியில் போட்ட சட்டை அரை மணியில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடி மழை வந்தாலும் காலை வெயில் இருக்கும். உண்மையான தலைவலி ஐப்பசியும் கார்த்திகையும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் பாதி வரை. அதிலும் தினமும் மழை இல்லை. சொந்த வீடும் மாடிக் கொடியும் இருக்கிற குடும்பத்துக்கு வருடத்தில் 60 தடவை டிரையர் ஓடினால் அதுவே அதிகம். கே.கே. நகரிலோ அண்ணா நகரிலோ அடுக்குமாடியில், பால்கனியும் நிழலாக, மாடியில் துணி போடத் தடையும் இருந்தால் கதை வேறு. அங்கே 200, 300 தடவைகூட ஓடும். இந்த இரண்டு வீட்டுக்கும் ஒரே மெஷினைச் சிபாரிசு செய்கிறவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

வகைகள் மூன்று. வென்டட் என்பது எளிமையானது: ஹீட்டர், ஒரு மோட்டார், ஒரு டிரம், ஒரு காற்றாடி. ஈரக்காற்றை நாலு அங்குலக் குழாய் வழியாக வெளியே தள்ளிவிடும். கண்டென்சர் வகை அந்த ஈரக்காற்றை உள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராக்கி ஒரு டப்பாவில் சேர்க்கும். குழாய் தேவையில்லை, ஆனால் சூடு முழுக்க அறைக்குள்ளேயே இருக்கும். ஹீட் பம்ப் வகையில் ஏ.சி. போல ஒரு கம்ப்ரஸர் உண்டு. ஒரு பக்கம் குளிர்ச்சி தண்ணீரைப் பிழிந்தெடுக்கும், மறுபக்கச் சூடு அதே காற்றை மறுபடி சுடவைக்கும். சூட்டைத் திருப்பிப் பயன்படுத்துவதால் மின்சாரம் பாதிக்கும் கீழே போய்விடும். 2025 பாதி வரை இருந்த பழைய ஐரோப்பிய மின் லேபிளில் வருடத்துக்கு 160 தடவை என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். 8 கிலோ கண்டென்சர் மெஷின் அந்தக் கணக்கில் 560 யூனிட் அளவில் வரும், நல்ல ஹீட் பம்ப் 180-க்கும் 240-க்கும் நடுவில் நிற்கும்.

விலையில் வென்டட் 30,000 ரூபாய்க்கு உள்ளேயோ ஒட்டியோ கிடைக்கும். இந்த விலைக்கு நம்மூரில் சுலபமாகக் கிடைப்பது ஐ.எஃப்.பி.யின் 5.5 கிலோ டர்போ டிரை. போஷ், எல்ஜி, சாம்சங் கொண்டுவரும் 8, 9 கிலோ ஹீட் பம்ப் மெஷின்களின் விலை அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். சரி, கணக்கைப் போட்டுவிடுவோம். நாலு கிலோ துணிக்கு வென்டட் சுமார் 2.5 யூனிட், ஹீட் பம்ப் சுமார் 1 யூனிட். வித்தியாசம் 1.5. வருடம் 60 தடவை என்றால் 90 யூனிட். இ.பி. பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அடுத்த நூறு யூனிட்டுக்கு, யூனிட் எட்டரை ரூபாய்ப் பக்கம் போகிறது; அந்த விலையில் பார்த்தாலும் வருடச் சேமிப்பு 800 ரூபாய்க்குள். 40,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 800 ரூபாய் மிச்சம் பிடிக்க ஐம்பது வருடம் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் 300 தடவை என்றால் 450 யூனிட், ஏறக்குறைய 3,800 ரூபாய். பத்து, பதினோரு வருடத்தில் எடுத்துவிடலாம். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஹீட் பம்ப் நியாயம். மாடிக் கொடி இருக்கிற வீட்டுக்கு வென்டட் போதும், போதும்.

கவனிக்க: அந்த 500 யூனிட் கோடு முக்கியம். அதைத் தாண்டினால் மேல் யூனிட்டுகளுக்கு விலை ஏறுவது மட்டுமல்ல, 101 முதல் 200 வரை கிடைத்த சலுகை விலையும் கைவிட்டுப் போகும். நல்லவேளையாக டிரையர் ஓடும் மாதங்களில் ஏ.சி. அதிகம் ஓடாது. ரீடிங் எடுக்கும் தேதியைத் தெரிந்துகொண்டு, 470, 480-ல் நிற்கும்போது கொஞ்சம் கையைப் பிடித்து ஓட்டினால் போதும்.

ஹீட் பம்ப்புக்கு மதுரையில் இன்னொரு சிக்கல். பல மெஷின்களின் கையேட்டில் அறை வெப்பம் 5 முதல் 35 டிகிரி வரை என்று போட்டிருக்கும். மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாஷ் ஏரியாவில் ஏப்ரல், மே மாதம் மத்தியானம் அந்த 35 எங்கே நிற்கும்? கம்ப்ரஸர் திணறும், நேரம் இழுக்கும், சில சமயம் பாதியில் நின்றுவிடும். அங்கே வைப்பதானால் ராத்திரியில் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குள் வையுங்கள். கண்டென்சர் மெஷினும் அறைக் காற்றை வைத்துத்தான் குளிர்விக்கிறது. அறை சூடாக இருந்தால் அதற்கும் வேலை ஓடாது. மின்சாரத்தை வென்டட் அளவுக்கே தின்று, விலையை ஹீட் பம்ப்பை ஒட்டிக் கேட்கும் இந்த நடுவகையில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. குழாய் வெளியே விட வழியே இல்லாத வீட்டுக்கு மட்டும் யோசிக்கலாம்.

துவைத்துக் காய வைப்பது இரண்டும் ஒரே மெஷினில் வரும் வாஷர் டிரையர் பற்றியும் கேட்பார்கள். 8 கிலோ துவைக்கும், 5 கிலோதான் காய வைக்கும். பாதித் துணியை நடுவில் வெளியே எடுத்தாக வேண்டும். இரண்டு வேலைக்கும் சேர்த்து ஐந்தாறு மணி நேரம் ஆகும். பல மாடல்களில் ஈரக்காற்றைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டே இருக்கும், லாரித் தண்ணீர் வாங்கும் தெருவுக்கு இது ஆகாது. ஒன்று ரிப்பேரானால் இரண்டும் போச்சு.

டிரையர் வாங்கும் முன் இப்போதிருக்கும் வாஷிங் மெஷின் எவ்வளவு பிழிகிறது என்று பாருங்கள். ஒரு கிலோ துணியில் 1,400 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 1,400 சுற்று) ஸ்பின்னுக்குப் பின் அரை லிட்டர் தண்ணீர் தங்கும்; 1,000-ல் சுமார் 600 மில்லி; 700-ல் ஓடும் டாப் லோடில் 750 மில்லிக்குப் பக்கம். நாலு கிலோவுக்கு இந்த வித்தியாசமே ஒரு லிட்டர். வென்டட் மெஷினில் வீண் சூட்டையும் சேர்த்து லிட்டருக்கு ஒரு யூனிட், அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்பின்னுக்கு ஆகும் மின்சாரம் அதில் ஒரு துண்டுகூட இல்லை. கேலி செய்யப்படும் செமி ஆட்டோமேட்டிக்கின் சின்னத் தொட்டி 1,300 ஆர்.பி.எம். சுற்றுவதால், விலை கூடிய டாப் லோடைவிடப் பல சமயம் நன்றாகவே பிழிந்து தரும். டாப் லோடு வைத்திருப்பவர்கள் கடைசியில் ஸ்பின் மட்டும் இன்னொரு தடவை போட்டுவிட்டு டிரையருக்கு மாற்றுங்கள்.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். காய்ந்த துணியை ஒரு பையில் போட்டு நிறுங்கள்: 4.0 கிலோ. துவைத்துப் பிழிந்ததும் அதே பையில் நிறுங்கள்: 6.4. உள்ளே 2.4 லிட்டர். இ.பி. மீட்டரைக் குறித்துக்கொண்டு, பிரிட்ஜ் தவிர மற்றதை நிறுத்திவிட்டு டிரையரை ஓட்டுங்கள். 75 நிமிடம் கழித்து எடை 4.0-க்குத் திரும்பியிருந்து, மீட்டர் இரண்டரை யூனிட் போல ஏறியிருந்தால் மெஷின் சரியாக வேலை செய்கிறது. 4.5-ல் நின்றால் ஒன்று குழாய் அடைத்திருக்கிறது, இல்லையென்றால் வோல்டேஜ் குறைவு. வாங்கிய முதல் வாரத்திலேயே இந்தச் சோதனையைச் செய்து தேதியோடு எழுதி வைத்தால், ஒரு வருடம் கழித்து சர்வீஸ் ஆளிடம் பேசப் பிடிமானம் கிடைக்கும்.

வோல்டேஜ் என்றதும்: ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் இருபடிக்கு ஏற்ப மாறும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால் சூடு முக்கால்தான். சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடும் தெருக்களில் அதே துணிக்கு மூன்றில் ஒரு பங்கு நேரம் கூடுதலாகப் பிடிப்பது இதனால்தான். மெஷின் கெட்டுவிட்டது என்று புகார் எழுதத் தேவையில்லை. மதியம் ஓட்டுங்கள். வென்டட் மெஷின் 2,000 வாட்டை ஒட்டி இழுக்கும். அதற்கு 16 ஆம்ப் பவர் பிளக், எலக்ட்ரீஷியன்கள் 'இரண்டரை' என்று சொல்லும் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், தனி எம்.சி.பி., ஒழுங்கான எர்த், மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இவ்வளவும் வேண்டும். வாஷிங் மெஷின் பிளக்கிலேயே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இரண்டையும் சொருகினால் பாக்ஸ் உருகும். உருகுவதற்கு முன் மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம் வரும், அப்போதே பிடுங்கிவிடுங்கள். வாட்டர் ஹீட்டர், ஏ.சி., டிரையர் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் சிங்கிள் பேஸ் வீட்டில் மெயின் விழும். இன்வர்ட்டர் லைனில் கொடுப்பது பற்றிப் பேச்சே இல்லை.

குழாய் விஷயத்தில்தான் நம்மூரில் அதிகம் தப்பு நடக்கிறது. டெலிவரி கொடுக்க வரும் ஆள் மெஷினை மூலையில் வைத்து, ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். குழாய் அறைக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு தடவை ஓடினால் இரண்டரை லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் இறங்கும். பத்து நாளில் மேல் மூலையில் கறுப்புப் பூசணம். அதே ஈரக்காற்றை மெஷின் திரும்ப உறிஞ்சுவதால் துணியும் காயாது. குழாய் இரண்டு மீட்டருக்குள், இரண்டு வளைவுக்கு மேல் இல்லாமல் வெளியே போக வேண்டும். சுவரில் கோர் கட்டிங் செய்யலாம். வாடகை வீடென்றால் வென்டிலேட்டரின் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த அளவுக்கு ஒட்டுப்பலகை வெட்டி நாலு அங்குல ஓட்டை போட்டுப் பொருத்திவிட்டால் வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்க வேண்டாம். வெளி முனையில் கொசு வலை கட்டாதீர்கள்; ஒரே மாதத்தில் பஞ்சு படிந்து கம்பளிபோல மூடிக்கொள்ளும். காற்று வந்தால் திறந்து, நின்றால் மூடும் மடிப்பு மூடி கிடைக்கிறது, பல்லியும் எலியும் வராது. நெளிகுழாய் அலுமினியத்தில் வாங்குங்கள். கடையில் விலை பேசும்போதே குழாயும், வாஷிங் மெஷின் மேல் ஏற்றி வைக்க வேண்டுமானால் அதற்கான ஸ்டாண்டும் விலையில் சேர்த்தியா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

5.5 கிலோ என்பது காய்ந்த துணியின் எடை. ஜீன்ஸ் 600, 700 கிராம். குளியல் துண்டு 400. லுங்கியும் நைட்டியும் 250, 300. பள்ளிச் சட்டை 200. டபுள் காட்டன் பெட்ஷீட் 700 வரும். நாலு பேர் வீட்டின் ஒரு நாள் துணி மூன்றரை, நாலு கிலோவுக்குள் அடங்கும், அதுதான் இந்த டிரம்முக்கு அளவும். கொள்ளளவு முழுக்கத் திணித்தால் துணி விழுந்து புரள இடமிருக்காது. வெளியே சுட்டு, உள்ளே ஈரமாக உருண்டையாகிவிடும். பெட்ஷீட்தான் இதில் பெரிய வில்லன், தலையணை உறையையும் ஒரு சட்டையையும் வயிற்றுக்குள் விழுங்கிக்கொண்டு சுருண்டு கிடக்கும். ஒரு தடவைக்கு ஒரு பெட்ஷீட், கூட மூன்று துண்டு, பாதியில் நிறுத்தி ஒரு உதறல். விலை குறைந்த மெஷின்களில் ஈர சென்சார் இருக்காது, டைமர்தான். 1,000 ஆர்.பி.எம்.மில் பிழிந்த நாலு கிலோ காட்டனுக்கு 75 நிமிடம், இரண்டு கிலோ பாலியஸ்டர் யூனிஃபார்முக்குக் குறைந்த சூட்டில் 35 நிமிடம் என்று ஆரம்பித்து, நம் வீட்டு வோல்டேஜுக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். துணியை முந்தின ராத்திரியே ஃபேனுக்கு அடியில் ஸ்டாண்டில் விரித்துவிட்டு, காலையில் அரை மணி நேரம் மட்டும் டிரையரில் போட்டால் மின்சாரம் பாதிக்கும் கீழே. மழைக்கால முடை நாற்றமும் வராது. போர் தண்ணீரில் துவைத்து அட்டையாக விறைத்த துண்டுகூட மெத்தென்று வரும்.

போடக் கூடாதவை: பட்டு, சுங்குடிச் சேலை, கஞ்சி போட்ட வேட்டி, ரப்பர் அடி வைத்த மிதியடி, ஃபோம் வைத்த உள்ளாடை. சுங்குடியை உருட்டினால் சாயமும் போகும், நீளமும் குறையும். இதற்கெல்லாம் மேல் ஒன்று உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளித்த துண்டு, அடுப்படித் துணி. நல்லெண்ணெய் சாதாரணத் துவைப்பில் முழுக்கப் போகாது. டிரையர் சூட்டில் அது காற்றோடு சேர்ந்து தானே சூடேறத் தொடங்கும். சூடான துணியை அப்படியே குவித்து வைத்தால் சில மணி நேரம் கழித்துக்கூடப் புகைந்து தீப்பிடிக்கலாம். தீபாவளி எண்ணெய்க் குளியலும் அடைமழையும் ஒரே மாதத்தில் வருகிற ஊர் இது. அன்றைய துண்டுகளை வெந்நீரில் கூடுதல் சோப்புப் போட்டு இரண்டு தடவை துவைத்து, ஃபேன் காற்றிலேயே காய வையுங்கள். எந்தத் துணியானாலும் கடைசிப் பத்து நிமிடம் சூடில்லாமல் ஓடும் கட்டத்தை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் துணியை வெளியே எடுத்து விரித்துவிடுங்கள்.

ரிப்பேர் என்று பார்த்தால் வென்டட் மெஷினில் கெடுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. டிரம் சுற்றுகிறது, சூடு இல்லை என்றால் ஹீட்டர் காயில் அல்லது அதன் தெர்மல் ஃபியூஸ். ஃபியூஸ் போனதற்குக் காரணம் பத்துக்கு எட்டு அடைத்த பஞ்சுதான், அடைப்பை எடுக்காமல் ஃபியூஸ் மட்டும் மாற்றினால் மறுபடி போகும். மோட்டார் உறுமுகிறது, டிரம்மைக் கையால் தள்ளினால் லேசாகச் சுற்றுகிறது என்றால் பெல்ட் அறுந்திருக்கிறது. உறுமல் மட்டும், டிரம் நகராது, கையால் தள்ளினால் இறுக்கம்: கெபாசிட்டரைப் பாருங்கள். கீச்சென்ற சத்தம் உருளைகளின் தேய்மானம். பொருள் எல்லாமே மலிவு. மாற்றத் தெரிந்த ஆள் மதுரையில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. வாங்கும் முன்பே அந்தக் கம்பெனியின் உள்ளூர் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, "டிரையர் பெல்ட் ஸ்டாக் இருக்கா, எத்தனை நாளில் வரும்" என்று கேளுங்கள். வாஷிங் மெஷின் பெல்ட்டைப் பற்றிப் பதில் சொல்ல ஆரம்பித்தால் வேறு கம்பெனியைப் பாருங்கள். சென்சார் உள்ள மெஷின் ஈரத்தோடு சீக்கிரமே நின்றால் ரிப்பேர் இல்லை. துணி மென்மையாக்கும் திரவத்தின் படலம் உள்ளே இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகளில் படிந்திருக்கும், வினிகர் தொட்ட துணியால் துடைத்தால் சரியாகிவிடும்.

பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் எடுக்க வேண்டும், ஒரு தடவை விட்டு ஒரு தடவை அல்ல. கண்டென்சர், ஹீட் பம்ப் மெஷினில் டப்பாத் தண்ணீரையும் ஊற்ற வேண்டும். டிஸ்டில்டு வாட்டர்தானே, இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பஞ்சும் சோப்பும் கலந்தது, பேட்டரிக்கு ஆகாது, தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

தை பிறந்து வெயில் திரும்பியதும் மெஷினை மூடிப்போட்டு மறந்துவிடுவோம். அதற்கு முன் வடிகட்டியைக் கழுவிக் காய வைத்து மாட்டி, குழாயைக் கழற்றி உள்ளே குச்சியில் துணி சுற்றித் துடைத்து, மெஷின் பின்னால் இருக்கும் துளையை ஒரு எவர்சில்வர் மூடியால் அடைத்து டேப் ஒட்டிவிடுங்கள். சுருண்ட பஞ்சும் கதகதப்பும் எலிக்குப் பிரசவ அறை மாதிரி. பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மாதம் ஒரு தடவை மூடியை எடுத்துவிட்டு, துணி இல்லாமல் பத்து நிமிடம் சூடில்லாமல் ஓட்டினால் பெல்ட் ஒரே இடத்தில் வளைந்து நிற்காது.